பதக்கம் பெறும் கட்டுரையும் கொள்ளிடத்துத் தூண்களும்

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தைப் பார்க்க ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் திரண்டு வந்தன. மேட்டூரிலிருந்து விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கன அடி தண்ணீர் திறந்திருந்த நேரம். 1928இல் திறந்த பாலம் அது. 2016இல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்தபின் வண்டி வாகனம் இல்லாமல் நின்றிருந்தது. அந்த வெள்ளத்தில் அதன் தூண்கள் அடி பெயர்ந்து சரிந்தன. ஊர் அந்தப் பேச்சை முடிப்பதற்குள், 22ஆம் தேதி இரவு, மேற்கே முக்கொம்பில் மேலணையின் கொள்ளிடப் பக்கத்து ஒன்பது மதகுகள் ஆற்றோடு போயின. மேலணை 1836இல் கட்டியது.

புதுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் என் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். நான் யாரிடமோ கிணற்று அஸ்திவாரம், மண்ணரிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். “தம்பி இன்ஜினியரா? இது ஏன் விழுந்துச்சுன்னு எங்கயாவது எழுதி வெப்பாங்களா?” என்று கேட்டார். துறையில் விசாரிப்பார்கள், அறிக்கை மேலே போகும் என்றேன். “அதை யார் படிப்பா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

சிவில் பொறியியலில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அச்சாகின்றன. அவற்றில் மிகச் சிறந்ததற்குப் பதக்கம் கொடுக்கும் வழக்கமும் பொறியாளர் சங்கங்களில் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாக உண்டு. எந்தக் கட்டுரைக்குப் பதக்கம், எதற்கு இல்லை என்பதைப் பார்த்தால், அந்தத் தொழில் எதை அறிவு என்று ஒப்புக்கொள்கிறது என்பது தெரிந்துவிடும். அந்தப் பெரியவரின் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

இந்தப் பதக்கங்களின் தாய் லண்டனில் பிறந்தது. 1818இல் தொடங்கிய சிவில் பொறியாளர்கள் சங்கத்துக்கு முதல் தலைவராக இருந்தவர் தாமஸ் டெல்ஃபோர்டு. கல்தச்சராக வாழ்க்கையைத் தொடங்கிப் பாலங்களும் கால்வாய்களும் கட்டியவர். 1834இல் இறந்தபோது சங்கத்துக்குப் பணம் விட்டுச் சென்றார். அதிலிருந்து 1835இல் டெல்ஃபோர்டு பதக்கம் ஏற்பட்டது. அந்தச் சங்கத்தில் கட்டுரையைக் கூட்டத்தில் வாசிப்பார்கள்; வந்திருப்பவர்கள் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்பார்கள்; கட்டுரையும் விவாதமும் சேர்ந்தே அச்சாகும். எழுதியவரை மடக்கிய கேள்வியும் நூலகத்தில் நிரந்தரமாக நிற்கும். இதை நான் பெரிய நாகரிகமாக மதிக்கிறேன்.

அமெரிக்க சிவில் பொறியாளர்கள் சங்கம் 1872இல் நார்மன் பதக்கத்தை ஏற்படுத்தியது. பொறியியல் அறிவியலுக்கு வலுச் சேர்க்கும் கட்டுரைக்கு அது. பத்தே ஆண்டில், 1882இல், தாமஸ் ஃபிட்ச் ரோலண்டு பெயரில் இன்னொரு பரிசு வந்தது. அதன் பழைய விதி என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. கட்டி முடித்த வேலையை விரிவாக எழுதும் கட்டுரைக்கு முன்னுரிமை. என்ன செலவானது என்று எழுத வேண்டும். வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் நேர்ந்த தவறுகளையும் எழுத வேண்டும். தவற்றை ஒப்புக்கொண்டு எழுதியவருக்குப் பரிசு என்று ஒரு பொறியாளர் சங்கம் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே விதி எழுதி வைத்திருந்தது.

பதக்கம் சரியான ஆளைச் சேர்ந்த கதைகளில் ஹார்டி கிராஸின் கதை எனக்குப் பிடித்தது. தொடர்ச்சியான உத்தரங்களும் தூண்களும் கொண்ட கட்டடச் சட்டகத்தில் எந்த இடத்தில் எவ்வளவு வளைவு விசை வரும் என்று கணக்கிடுவது அந்தக் காலத்தில் பெரும்பாடு. சமன்பாடுகளை வரிசையாக எழுதி எல்லாவற்றையும் ஒன்றாகத் தீர்க்க வேண்டும். 1930இல் கிராஸ் பத்துப் பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். மூட்டுகளை முதலில் பூட்டிவை, ஒவ்வொன்றாகத் திற, மிஞ்சிய விசையைப் பக்கத்து உறுப்புகளுக்குப் பங்கிடு, மிச்சம் கரையும்வரை திரும்பத் திரும்பச் செய். கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் ஒரு தாளில் போட்டுவிடலாம். பத்துப் பக்கக் கட்டுரைக்கு நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் விவாதம் வந்தது. 1933இல் நார்மன் பதக்கம் கிடைத்தது. கணிப்பொறி வரும்வரை உலகத்தின் மாடிக் கட்டடங்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் எழும்பின. நம் பொறியியல் கல்லூரிகளில் இன்றும் மாணவர்கள் கட்டம் போட்டு, மேலிருந்து கீழாக எண்களைப் பங்கிட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

மண் இயக்கவியலின் தந்தை கார்ல் டெர்சாகிக்கு அதே பதக்கம் நான்கு முறை கிடைத்தது.

முதலில் அச்சில் வருவதற்கு எவ்வளவு பெறுமதி என்பதைச் சொல்ல ஸ்ரீரங்கத் தீவைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. சி.வி. ராமன் 1888இல் திருவானைக்காவலில் பிறந்தார். அவர் பெயர் பெற்ற ஒளிச்சிதறலை மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஸ்டாம் இருவரும் 1928 பிப்ரவரியில், ராமனுக்கு ஒரு வாரம் முன்பே, படிகங்களில் கண்டுவிட்டார்கள். ராமனின் குறிப்பு மார்ச் முடிவதற்குள் அச்சேறியது. மாஸ்கோவின் கட்டுரை ஜூலையில்தான் வந்தது. இயற்பியலில் கண்டவரும் எழுதியவரும் பெரும்பாலும் ஒருவரே. சிவில் பொறியியலில் அப்படி இல்லை. அங்கே கட்டியவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர், பெயர் வாங்கியவர் மூன்றாமவர் என்று ஆகிவிடும். அதற்கும் சாட்சி இந்தத் தீவின் கிழக்கு முனையிலேயே இருக்கிறது.

கல்லணை கரிகாலன் கட்டியது என்பது மரபு. ஏறக்குறைய 1,080 அடி நீளம், 60 அடி அகலம், 18 அடி உயரம். ஆழம் காண முடியாத ஆற்று மணலில் கற்களைப் போட்டு, அவை தாமாக இறங்கி அமர விட்டு, மேலே மேலே அடுக்கி எழுப்பியது. அதைச் செய்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் ஏட்டில் எழுதினார்களா என்பதும் தெரியாது. கல்லே அவர்கள் விட்டுச் சென்ற கட்டுரை.

அந்தக் கட்டுரையைப் படிக்க வந்தவர் ஆர்தர் காட்டன். 1821இல் சென்னைக்கு வந்த இளம் ராணுவப் பொறியாளர். கல்லணையில் மணலை வெளியேற்ற 1830இல் மணற்போக்கிகள் அமைத்தார். பிறகு முக்கொம்பில் மேலணை. கொள்ளிடம் காவிரியைவிடத் தாழ்வான, சரிவு மிகுந்த ஆறு. விட்டுவிட்டால் தண்ணீர் முழுவதும் அங்கே ஓடிவிடும், காவிரி மேடாகித் தஞ்சை காயும். அதைத் தடுக்கத்தான் மேலணை. வயதான காலத்தில் காட்டன் வெளிப்படையாக எழுதினார்: அளவிட முடியாத ஆழமுள்ள தளர்ந்த மணலில் அஸ்திவாரம் போடுவதை இந்த நாட்டு மக்களிடமிருந்தே தாங்கள் கற்றுக்கொண்டதாகவும், சென்னை மாகாண அணைகளின் வெற்றிக்கு அதுவே காரணம் என்றும். கல்லணையில் கற்ற பாடம்தான் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையாக 1852இல் முடிந்தது. எழுதாதவர்களின் அறிவுக்கு எழுதத் தெரிந்தவர் செலுத்திய நன்றி அது. இன்றைய ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலில் இப்படி ஒரு நன்றிக்கு இடம் இருக்கிறதா?

காட்டனின் காலத்தில் அச்சிடும் பழக்கம் வலுவாக இருந்ததையும் சொல்ல வேண்டும். சென்னைப் பொறியாளர் படையினர் 1839 முதல் தங்கள் வேலைகளைப் பற்றிய அறிக்கைகளைத் தொகுத்து அச்சிட்டார்கள். தொகுத்தவர் ஜே.டி. ஸ்மித். இவரே பிரெஞ்சுக்காரர் விக்காவின் சுண்ணாம்புக் காரை பற்றிய நூலை 1837இல் ஆங்கிலமாக்கியவர். 1856இல் பெயர்ட் ஸ்மித் காவிரி, கிருஷ்ணா, கோதாவரி அணைகளைப் பற்றி ஒரு முழு நூல் வெளியிட்டார். மேலணை கட்டிய பிறகு ஆறு எதிர்பாராத விதமாக நடந்துகொண்டது. தண்ணீர் காவிரிப் பக்கம் வேண்டியதற்கு மேல் சாய்ந்தது. 1840களில் கொள்ளிட அணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தவும், காவிரித் தலைப்பில் தனியாக அணை போடவும் நேர்ந்தது. வெற்றிக் கதையோடு இந்தத் திருத்தக் கதையும் சேர்ந்திருப்பதால்தான் அந்தக் காலத்து எழுத்துகள் இன்றும் பயன்படுகின்றன.

விழுந்ததைப் பற்றி எழுதினால் என்ன விளையும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு வம்சாவளி உண்டு. 1898இல் கங்கையின் குறுக்கே நரோரா அணை உடைந்தது. அணைக்கு அடியில் மணல் வழியாகக் கசியும் தண்ணீர் என்ன செய்கிறது என்ற கேள்வி அப்போது சூடாக இருந்தது. ரூர்க்கி கல்லூரியில் கிளிபோர்ன், செனாப் ஆற்று மணலைக் கொண்டு சோதனை செய்தார். பிளை என்பவர் அந்த அனுபவங்களை வைத்து 1910இல் ஒரு விதி சொன்னார்: அணையின் அடித்தரை நெடுகத் தண்ணீர் ஊர்ந்து போகும் தூரம் இவ்வளவு இருக்க வேண்டும். அதன்படி கட்டியவற்றில் சில சரியாக நின்றன, சில தொல்லை கொடுத்தன. ஏ.என். கோஸ்லா கட்டி முடித்த கட்டுமானங்களுக்கு அடியில் குழாய் இறக்கி அழுத்தத்தை அளந்து பார்த்தார். பிளை சொன்னது போதாது, தண்ணீர் வெளியேறும் முனையில் மணலைத் தூக்கும் அழுத்தச் சரிவே உயிர்நிலை என்று கண்டார். போஸ், டெய்லர் இருவரோடு சேர்ந்து 1936இல் அவர் வெளியிட்ட நூல் உலகம் முழுவதும் பாடநூலாயிற்று. ஓர் உடைப்பு, ஒரு சோதனை, ஒரு விதி, அந்த விதியின் பிழை, திருத்தம் எல்லாமே அச்சில் இருப்பதால்தான் ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்க முடிந்தது.

இன்னொரு கட்டுரை நம் பாலங்களின் அடியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜெரால்டு லேசி 1930இல் லண்டன் சங்கத்தின் நடவடிக்கைத் தொகுதியில், வண்டல் மண்ணில் நிலைபெற்ற வாய்க்கால்களைப் பற்றி எழுதினார். இந்தியக் கால்வாய்களின் அளவுகளே அவருக்கு முக்கிய ஆதாரம். இந்தியச் சாலைப் பேராயத்தின் 78ஆம் எண் விதிநூலில், பாலத் தூணின் அடியில் வெள்ளம் எவ்வளவு ஆழம் மணலை அரிக்கும் என்று கணக்கிடும் சூத்திரம் லேசி வழியில் வந்ததே. ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஆற்றின் ஒரு மீட்டர் அகலத்தில் விநாடிக்கு 8 கன மீட்டர் தண்ணீர் ஓடுகிறது, மணல் பரல் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணலின் பருமனுக்கான எண் 1.24. எட்டின் வர்க்கம் 64, அதை 1.24ஆல் வகுத்தால் 51.6, அதன் கனமூலம் 3.7, அதை 1.34ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5 மீட்டர். தூணைச் சுற்றி இதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது வெள்ள மட்டத்திலிருந்து 10 மீட்டர் ஆழத்துக்கு அரிப்பு வரலாம். அஸ்திவாரம் அதற்கும் கீழே போக வேண்டும்.

கொள்ளிடத்துக் கரையில் நின்று இந்தக் கணக்கைப் போடும்போதுதான் சிக்கல் புரிகிறது. லேசியின் ஆறு தன் மணலைத் தானே கொண்டுவந்து, அரித்ததைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஆறு. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் மேலிருந்து வரும் மணல் அணைக்குள் தங்கிவிடுகிறது. கீழே இருந்த மணலைப் பல ஆண்டுகள் லாரி லாரியாக அள்ளினோம். படுகையே இறங்கிவிட்ட ஆற்றில் வெள்ள மட்டமும் இறங்கும். அந்தப் 10 மீட்டரும் பழைய இடத்திலிருந்து எண்ணப்படாமல், இறங்கிய மட்டத்திலிருந்து எண்ணப்படும். அஸ்திவாரமோ 1928இலோ 1976இலோ போட்ட இடத்திலேயே நிற்கும். திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976இல் வந்தது. 2022 செப்டம்பரில் பழுதுபார்க்க மூடி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். அந்த ஆறு மாதமும் ஓயாமரி வழியாகச் சுற்றிப் போனவர்களுக்கு ஒரு பாலம் என்றால் என்ன என்பது தெரியும். 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்துக்குள் நின்ற உயர் மின்கோபுரம் ஒன்று சாய்ந்தது. கோடையில் ஆற்றில் இறங்கி நடந்தால் தூண்களில் நிறம் மாறும் கோட்டைப் பார்க்கலாம். ஒருகாலத்தில் மணல் அதுவரை இருந்தது என்று அது சொல்லும்.

மணல் வரத்து நின்றுபோன ஆற்றில் லேசியின் சூத்திரத்தை எப்படித் திருத்துவது? பதக்கத்துக்குத் தகுதியான ஆய்வுக் கேள்வி ஒன்று திருச்சியின் வாசலில் கிடக்கிறது என்றால் அது இதுதான். இந்தக் கேள்வியைத் தூக்குவதற்கான ஆட்களும் இந்த மாநிலத்திலேயே இருக்கிறார்கள். 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் துவாக்குடியில். நீர்ப்பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையமும் அதே துவாக்குடியில், 1984 முதல். ஆற்றின் மாதிரியைக் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்க்கும் நீரியல் ஆய்வு நிலையம் 1944 முதல் பூண்டியில் இருக்கிறது.

பரிசு கொடுக்கச் சங்கங்களுக்கும் குறைவில்லை. இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் 1920இல் பதிவானது நம் சென்னையில்தான். 1935இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. தன் இதழில் வரும் கட்டுரைகளுக்கு அது பரிசு தருகிறது. 1934இல் தோன்றிய சாலைப் பேராயம் கட்டுரைகளை ஆண்டுக் கூட்டத்தில் விவாதிக்கும் பழைய வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறது, பதக்கமும் தருகிறது. 1948இல் தொடங்கிய இந்தியப் புவித்தொழில்நுட்பச் சங்கத்துக்குத் தன் இதழ்க் கட்டுரைகளுக்கான விருதுகள் உண்டு. புனேயை மையமாகக் கொண்ட நீரியல் பொறியியல் சங்கம் தன் இதழின் சிறந்த கட்டுரைக்கு ஜல் விஞ்ஞான் புரஸ்கார் தருகிறது. சென்னையில் 1982இல் பிறந்த இந்தியக் கான்கிரீட் நிறுவனமும் விருது வழங்குகிறது.

இந்தச் சங்க விருதுகளின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. காரணம் எளிது. யாரோ நான்கு பேர் உட்கார்ந்து கட்டுரையைப் படிக்கிறார்கள். இன்றைய கல்வி உலகில் ஒரு கட்டுரையை முழுதாகப் படித்து மதிப்பிடுவது அரிதாகிவிட்டது. “பேப்பர் எத்தனை போட்டிருக்கீங்க?” என்பதுதான் நேர்முகத் தேர்வின் முதல் கேள்வி. கல்வி நிறுவனங்களுக்கு 2016இல் தொடங்கிய தேசியத் தரவரிசையும் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணுகிறது. முனைவர் பட்டம் வாங்குவதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக்குழு 2022இல் எடுத்துவிட்டது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. எண்ணிக்கைக்காக எழுதும்போது ஓர் ஆய்வை மூன்றாகக் கீறிப் போடுவார்கள். சாம்பல் கலந்த கான்கிரீட், சாணம் கலந்த செங்கல் என்று ஆய்வகத்தில் ஆறு மாதத்தில் முடியும் தலைப்புகளே பெருகும். இருபத்தெட்டு நாள் வைத்திருந்து கனசதுரத்தை நசுக்கினால் முடிவு கையில். ஆற்றுப்படுகையை அளக்க இருபத்தெட்டு ஆண்டுகள் வேண்டும். யார் காத்திருப்பார்?

விருதுக்குழு இந்தச் சாய்வைத் திருத்த முடியும். ஆனால் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தன் இதழில், ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் வந்ததிலிருந்துதான் தேர்ந்தெடுக்கிறது. எழுதப்படாததை அதனால் தேர்ந்தெடுக்க முடியாது. அச்சான இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருப்பதால், கணிதம் அழகாக இருக்கும் கட்டுரை முந்திக்கொள்ளும். களத்தில் பலிக்கிறதா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பேராசிரியர்கள் நிறைந்த குழு பேராசிரியர் எழுதியதைத்தான் நல்ல கட்டுரை என்று உணரும். உதவிப் பொறியாளர் எழுதினால் அதில் இலக்கிய மீளாய்வு இருக்காது, நல்ல அளவுகள் இருக்கும். இரண்டில் எது அபூர்வம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

களப் பொறியாளர் எழுதாததற்கு வேறு காரணமும் உண்டு. எங்கே விழுந்தாலும் முதலில் வருவது விசாரணை. தணிக்கை வரும், வழக்கு வரும். “எழுதிக் கொடுத்துட்டு எதுக்கு மாட்டிக்கணும்?” என்பது சாதாரணப் பேச்சு. நான் இளைஞனாக வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஒரு சிறு பாலத்தின் முனையில் மண் சரிந்ததைப் பற்றி நான்கு பக்கம் எழுதி, ஒரு கருத்தரங்குக்கு அனுப்ப அனுமதி கேட்டேன். மேலதிகாரி படித்தார், நன்றாக இருக்கிறது என்றார், மேசை இழுப்பறையில் வைத்தார். அவர் மாற்றலாகிப் போனபோது அந்தக் காகிதமும் போய்விட்டது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரைக் காக்கும் ஏற்பாடு எதுவும் அப்போது இல்லை, இப்போதும் இல்லை.

வெளியே அந்த ஏற்பாட்டைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2005 முதல் கட்டடப் பாதுகாப்புக் குறைகளைப் பெயர் வெளியிடாமல் தெரிவிக்கவும், அவற்றின் பாடத்தை எல்லோரும் படிக்கும்படி வெளியிடவும் ஓர் அமைப்பு இருக்கிறது. அமெரிக்கச் சங்கம் 1987இல் கட்டுமானங்கள் எப்படி நடந்துகொள்கின்றன, எப்படித் தோற்கின்றன என்பதற்கென்றே தனி இதழ் தொடங்கியது. இந்தியச் சங்கங்களில் ஏதாவது ஒன்று ரோலண்டின் அந்தப் பழைய விதியை அப்படியே எடுத்து, தவற்றை எழுதிய கட்டுரைக்கு ஒரு பதக்கம் வைத்தால், எழுதுபவருக்கு அதுவே ஒரு கவசமாகும். சங்கம் கேட்டது, எழுதினேன் என்று சொல்லலாம். துறையும் தடுக்கத் தயங்கும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்த கட்டுரைகளில் எது களத்தில் நின்றது என்று திரும்பிப் பார்த்து ஒரு பதக்கம் கொடுப்பதும் நல்லது. இது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ஏனென்றால் அங்கே நடுவர் ஆறு.

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அது எழுத்துக்குக் கிடைத்ததல்ல, வேலைக்கு. பிற்காலத்தில் ஒட்டவைத்தவற்றை நீக்கினார்கள். பழைய மழைநீர் வடிகால்களைத் திறந்து மீண்டும் ஓடச் செய்தார்கள். பழைய முறைச் சுண்ணாம்புக் காரையைப் பயன்படுத்தினார்கள். 236 அடி ராஜகோபுரம் இந்தக் கோயிலிலேயே 1987இல்தான் முடிந்தது, நானூறு ஆண்டுகளாக அடித்தளத்தோடு நின்ற வேலை. ஒரே வளாகத்தில் பழைய காரையும் புதிய கான்கிரீட்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்க வேறு எங்கே போவது? சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைத்தார்கள், கடுக்காயும் வெல்லமும் எந்த விகிதம், மழைக்காலத்துக்குப் பிறகு எங்கே விரிசல் வந்தது என்பதெல்லாம் கொத்தனார் கையிலும் ஸ்தபதி வாயிலும் இருக்கிறது. 1837இல் சென்னைப் பொறியாளர் ஒருவர் பிரெஞ்சு நூலை மொழிபெயர்க்கும் அளவுக்குக் காரையின் மேல் அக்கறை கொண்டிருந்தார். கல்லணைக்கு நேர்ந்தது இங்கேயும் நேர வேண்டாம். அந்த ஸ்தபதியை முதல் ஆசிரியராகப் போட்டு ஒரு கட்டுரை வந்தால், அதற்குப் பதக்கம் கொடுக்க எந்தச் சங்கம் தயங்கும்?

படிப்பது என்ற பக்கமும் இருக்கிறது. நம் சங்கங்களின் முக்கிய இதழ்கள் சில இன்று வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழியாக வருகின்றன. இதனால் உலகப் பார்வையில் படுகின்றன; நல்லதுதான். ஆனால் லால்குடிப் பிரிவில் வாய்க்கால் பார்க்கும் உதவிப் பொறியாளருக்குச் சந்தா கிடையாது. பதக்கம் பெற்ற கட்டுரையை மட்டுமாவது சங்கம் திறந்துவிட வேண்டும். அதன் சாரத்தை நான்கு பக்கத்தில் தமிழில் அச்சிட வேண்டும். கரையில் நிற்கும் லஸ்கர், மதகு ஏற்றி இறக்குபவர், பணி ஆய்வாளர் எல்லோரும் படிப்பார்கள். வெள்ளத்தன்று நள்ளிரவில் மதகில் வித்தியாசமான சத்தம் கேட்பது அவர்களுக்குத்தான்.

முக்கொம்பில் இப்போது ஏறக்குறைய 387 கோடி ரூபாய் செலவில் புதிய கதவணை நிற்கிறது. பழைய பாலத்தின் மிச்சத்தை ஆற்றிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தால் எனக்கு அதன் முன்னுரை வேண்டாம், ஓர் அட்டவணை போதும். முதல் நெடுவரிசையில் தூணின் எண். இரண்டாவதில் 1928இல் ஆற்றுப்படுகை இருந்த மட்டம். மூன்றாவதில் 2018 வெள்ளத்துக்கு முன் படுகை இருந்த மட்டம். நான்காவதில் அஸ்திவாரத்தின் அடி மட்டம். சரிந்த தூணின் வரியைப் பார்த்து, மூன்றாவது எண்ணிலிருந்து நான்காவதைக் கழித்தால், அன்று அதைப் பிடித்துக்கொண்டிருந்த மணல் எத்தனை மீட்டர் என்று அந்தப் பெரியவரே கண்டுகொள்வார்.